உருளாத பனி

டுலூத் நகரத்து ஜனவரி.
மைனஸ் இருபத்திரண்டு.
வெர்னா கோஸ்கெலா
வாசலில் பனி அள்ளுகிறாள்.
சலித்த அரிசிமாவுபோல
பிடித்தால் பிடியில் நிற்காமல்
விரலிடுக்கில் வழிந்துபோகிற பனி.

உள்ளே, அலமாரியின் மேல்தட்டில்
வாஃபிள் மெஷின் வந்த பெட்டிக்குள்
பதினான்கு மாதத்து உறைகள்.
பிரித்தவை ஐந்து.
மற்றவற்றின் கண்ணாடிச் சன்னல் வழியே
அவள் பெயர் மட்டும்
எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் சாப்பாட்டு மேசையில்
யாரோ விட்டுப்போன துண்டுத்தாள் சொன்னது:
கடனைப் பனிப்பந்துபோல் உருட்டுங்கள்.
சிறியதை முதலில் அடையுங்கள்.
அதற்குக் கட்டிய பணத்தை
அடுத்ததன் தலையில் சேருங்கள்.
உருள உருளப் பெருகும்.

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது.
எழுதினவன் வெயில் ஊர்க்காரன்.
இந்தக் குளிரில் பனி உருளாது.
உதிரும்.

ஆனாலும் அன்றிரவு
கரண்ட் பில்லின் முதுகில் எழுதினாள்.
துணிக்கடை அட்டை, முந்நூற்றுப் பன்னிரண்டு.
டயர்க்கடை, ஆயிரத்து நூற்று நாற்பது.
பல்லுக்குத் தேய்த்தது
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து.
பெரியதை எழுதப்போகையில் பேனா நின்றது.
மை தீரவில்லை.

எட்டாயிரத்து நானூற்று அறுபது.

போன மாதம் அதற்கு இருநூற்றெழுபது கட்டினாள்.
வட்டி உட்கார்ந்து
நூற்றுத் தொண்ணூறைச் சாப்பிட்டுவிட்டு
மீதியைக் கடனுக்குப் போட்டது,
மேசைக்கடியில் நாய்க்குப் போடுவதுபோல.
அதே வாரம் அதே அட்டையில்
வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்கினாள், நூறு டாலருக்கு.

ஆர்விட் தூண்டில் நரம்பின் சிக்கலை
எடுத்துக்கொண்டிருந்தான்.
பெட்டியை அவன் முன்னால் வைத்தாள்.
ஒவ்வோர் உறையாகப் பார்த்தான்.
ஒன்றும் பேசவில்லை.
எழுந்து பூட்ஸ் மாட்டினான்.
கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது. கதவு மூடியது.

கார் கிளம்பும் சத்தத்துக்காக
அவள் காத்திருந்தாள்.

கராஜிலிருந்து திரும்பி வந்தான்,
கையில் ஒரு காபி டின்.
திருகாணிகளுக்குக் கீழே இரண்டு அட்டைகள்.
அவளுக்குத் தெரியாதவை.
ஒன்றில் அறுநூற்று நாற்பது.
இன்னொன்றில் ஆயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து,
ஏரிப்பனியில் துளைபோடும் மெஷினுக்கு.
"இனாமாக் கிடைச்சதுன்னு உன்கிட்ட சொன்னேனே, அது."

முப்பத்தொரு வருடம் ஒரே மெத்தை.
அவரவர் கடனை
அவரவர் பக்கத்துச் சுவரைப் பார்த்துப்
படுக்க வைத்திருந்தார்கள்.

மொத்தம் கூடித்தான் போனது.
ஆனால் கூட்டிப் பார்க்க இப்போது இரண்டு பேர்.

பழைய உறைகளே போதும் என்றாள்.
மளிகைக்கு ஒன்று. பெட்ரோலுக்கு ஒன்று. எண்ணெய்க்கு ஒன்று.
சம்பளத்தன்று நோட்டாக எடுத்துப் போடுவது.
உறை காலியானால் அந்த மாதம் அவ்வளவுதான்.
நான்காவது உறையில் ஆர்விட் எழுதினான்:
வெள்ளிக்கிழமை மீன்.
வெர்னா அதை அடித்தாள்.
அவன் மறுபடி எழுதினான்.
இருபது டாலர் என்று முடிவாயிற்று,
இருவருக்கும் மனமில்லாமல்.

அட்டைகளைத் தகரக் கத்தரியால் நறுக்கினார்கள்.
ஒன்றை மட்டும் நறுக்கவில்லை.
அவசரத்துக்கு என்றாள்.
அவன் ஏன் என்று கேட்கவில்லை.

பிப்ரவரியில் துளைபோடும் மெஷின்
எதிர்வீட்டு ஹால்வருக்கு விலைபோனது, நானூறுக்கு.
துணிக்கடை ஒழிந்தது.
மிச்சம் எண்பத்தெட்டு
ஆர்விட்டின் அறுநூற்று நாற்பதில் போய் ஒட்டியது.
ஒட்டியது என்பதை
இருவரும் கவனித்தார்கள்.

மார்ச்சில்
கணக்கை மூடச்சொல்லி போன் செய்தாள்.
எங்களை விட்டுப் போகக் காரணம்
சொல்ல முடியுமா, என்றான் மறுமுனைப் பையன்.
சன்னலுக்கு வெளியே
கூரை விளிம்பு சொட்டிக்கொண்டிருந்தது.
"ஈரம் வந்துடுச்சு" என்றாள்.
அவன் அதை
எந்தக் கட்டத்தில் தட்டினானோ.

ஈரப்பனி கனம்.
ஒரு மண்வெட்டி அள்ளினால் இடுப்பு பிடிக்கும்.
பெரியது இன்னும் அங்கேயே இருக்கிறது,
எட்டாயிரத்துச் சொச்சம்.
வாசலில் ஆர்விட்
ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்க்கிறான்.
விரலைத் திறக்கிறான்.

நிற்கிறது.